வாசகர் கேள்வி – பதில்: அரிசியை ஊறப்போட்டது யார்?

வேலைக்குச் செல்லும் பெண்களின் களைப்பைப் பற்றிச் சென்ற மாதம் இப்பகுதியில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பெங்களூருவில் இருந்து மட்டும் இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இந்த நகரில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் தொழிலாளர் நலப் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்பதால், எழுதியவர்கள் வசிக்கும் தெருக்களில் பாதியை நான் நடந்தே அறிவேன். ஆறு கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெயர்களை நீக்கிக் கடிதங்களைச் சுருக்கிவிட்டேன். பதில்களைச் சுருக்கத்தான் முடியவில்லை.

கேள்வி: நானும் என் கணவரும் மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்க்கிறோம். மகனுக்கு ஏழு வயது. என் கணவர் மற்ற ஆண்களைப் போல இல்லை. பாத்திரம் கழுவுவார், துணி மடிப்பார், கேட்டால் காய்கறியும் நறுக்கித் தருவார். ஆனாலும் இரவு பத்து மணிக்கு நான் சுருண்டு விழுகிறேன். அவர் கிரிக்கெட் பார்க்கிறார். சண்டை வந்தால், “நான்தான் இவ்வளவு உதவி செய்கிறேனே, இன்னும் என்ன வேண்டும் என்று சொன்னால் அதையும் செய்துவிடுகிறேன்” என்கிறார். அவர் சொல்வதில் பிழை இருப்பதாகவும் தெரியவில்லை. என் மாமியாரோ, “உன் மாமனார் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்ததே கிடையாது, நீ கொடுத்துவைத்தவள்” என்கிறார். குறை என்னிடம்தானா?
– வாசகி, பெல்லந்தூர்

பதில்: உங்கள் எழுத்தில் ‘கேட்டால்’ என்றும், கணவரின் பேச்சில் ‘சொன்னால்’ என்றும் இரண்டு சொற்கள் வருகின்றன. உங்கள் களைப்பு எங்கிருந்து வருகிறது என்பதை அவையே காட்டிக்கொடுத்துவிடுகின்றன. உங்கள் வீட்டில் ஒருவர் வேலை செய்கிறார். மற்றவர் வேலையும் செய்துகொண்டு, இன்னும் என்னென்ன வேலை பாக்கி இருக்கிறது என்பதையும் நாள் முழுக்க மனத்தில் சுமக்கிறார்.

தோசை மாவை எடுத்துக்கொள்ளுங்கள். மாவரைப்பது கணவரின் பொறுப்பு என்றே வைத்துக்கொள்வோம். ஊறிய அரிசியையும் உளுந்தையும் கிரைண்டரில் போட்டு, அரைத்து, வழித்து, கல்லைக் கழுவி வைக்கிறார். முக்கால் மணி நேர வேலை. ஆனால் உளுந்து டப்பாவின் அடி தெரிவதை வியாழக்கிழமையே கவனித்து வாங்கிவைத்தது யார்? சனிக்கிழமை மதியம் எல்லோரும் வெளியே கிளம்பிய பிறகு, போட்ட செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடி அரிசியை ஊறப்போட்டது யார்? டிசம்பர் குளிரில் பெங்களூருவில் மாவு பொங்காது என்பதால் பாத்திரத்தைச் சுற்றித் துண்டைக் கட்டி, கதகதப்பான மூலை தேடி வைத்தது யார்? காலையில் அது புளித்து வழிவதற்குள் ஃபிரிட்ஜுக்கு மாற்ற வேண்டுமே என்று அரைத் தூக்கத்தில் எழுந்தது யார்? முக்கால் மணி நேரத்தை அவர் செய்தார் என்பது உண்மை. அந்த முக்கால் மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு நாட்கள் உங்கள் தலைக்குள் ஓடின.

மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டு நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்டவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, அவற்றுக்குப் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டதாகத் தெரிந்தது. 2024ஆம் ஆண்டு மீண்டும் எடுத்தபோது அது 289 ஆகவும் 88 ஆகவும் இருந்தது. பெண்களின் சுமை பத்து நிமிடம் குறைந்துவிட்டதே என்று மகிழ்வதற்குள், ஆண்களின் பங்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருப்பது கண்ணில் படுகிறது. இடைவெளி 202 நிமிடத்தில் இருந்து 201 நிமிடத்துக்கு வந்திருக்கிறது. ஐந்தாண்டுகளில் ஒரே ஒரு நிமிடம். அதுவும் கையால் செய்த வேலையின் கணக்குத்தான். வண்டியில் போகும்போது உளுந்தை நினைத்துக்கொண்டதை எந்தக் கணக்கெடுப்பாளரும் நிமிடமாகக் குறித்துக்கொள்ள முடியாது.

ஆகவே, இன்னும் கூடுதலாக உதவுங்கள் என்று கணவரிடம் கேட்காதீர்கள். உதவுகிறவருக்கு அந்த வேலை சொந்தமில்லை. சொந்தக்காரர் நீங்கள்தான் என்று இருவருமே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடுகிறது. அதற்குப் பதிலாக ஒரு வேலையை வேரோடும் மண்ணோடும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். மாவு என்றால் உளுந்து வாங்குவது முதல் ஃபிரிட்ஜில் வைப்பது வரை. பள்ளி என்றால் கட்டணத் தேதி, டைரி, ஆசிரியரின் தொலைபேசி அழைப்பு, அம்மாக்கள் மட்டுமே நிறைந்திருக்கும் அந்த வாட்ஸ்அப் குழு வரை. அக்குழுவில் இருந்து நீங்கள் வெளியேறி அவரைச் சேர்த்துவிடுங்கள். தொடக்கத்தில் மாவு சில நாள் புளிக்கும்; ஒருநாள் அரிசியே ஊறியிருக்காது, மகன் வண்ண உடை நாளுக்குச் சீருடையில் போவான். நீங்கள் எட்டிப் பார்க்கக் கூடாது, நினைவூட்டக் கூடாது, புளித்த தோசையை முகம் சுளிக்காமல் சாப்பிட வேண்டும்.

இந்தக் கடைசிப் பகுதிதான் கடினம்; சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாதப் பயிற்சிக்காக வெளியூர் சென்றபோது, பன்னிரண்டு டப்பாக்களில் பொடி வகைகளை நிரப்பி, எதை எதற்குப் போட வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டி வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பதினோரு டப்பாக்கள் திறக்கப்படவே இல்லை. என் கணவரும் மகளும் சாம்பார்ப் பொடி ஒன்றையே எல்லாவற்றுக்கும் போட்டுச் சாப்பிட்டு நன்றாகத்தான் இருந்தார்கள். எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, கோபம் வந்தது. ஊரார் நம்மைப் பாராட்டுவதற்கென்று விட்டுவைத்திருக்கும் ஒரே இடத்திலும் நான் இல்லாமல் காரியம் நடக்கிறதே என்ற கோபம் அது என்று புரிய எனக்கு வெகுநாள் ஆயிற்று.

உங்கள் மாமியார் தம் கணவரோடு தம் மகனை ஒப்பிட்டுப் பார்க்கிறார். அவர் பட்டபாட்டுக்கு அந்த ஒப்பீடு நியாயமானதே. ஆனால் உங்கள் வீட்டுக்கான அளவுகோல் மாமனார் அல்லர். உங்கள் கணவர் எவ்வளவு செய்கிறார் என்பதை நீங்கள் செய்வதோடுதான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கேள்வி: வயது 46. பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்த நிறுவனம் நான்கு மாதங்களுக்கு முன் என்னை அனுப்பிவிட்டது. வீட்டில் சொல்லவில்லை. தினமும் காலை எட்டரைக்கு மடிக்கணினிப் பையோடு மெட்ரோ ஏறி, கப்பன் பூங்கா நூலகத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு மாலை ஏழு மணிக்குத் திரும்புகிறேன். வேலையை விட்டு அனுப்பியபோது கொடுத்த தொகையில் இருந்து ஒன்றாம் தேதி ‘சம்பளம்’ போல வீட்டுக் கணக்குக்குப் பணம் மாற்றுகிறேன். இன்னும் மூன்று மாதத்துக்குக் காணும். மனைவி ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்காளர். மகளைப் பி.யூ. (பிளஸ் ஒன்) கல்லூரியில் சேர்த்தபோது படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. இரவில் தூக்கமில்லை. நான் இல்லாவிட்டால் காப்பீட்டுப் பணமாவது அவர்களுக்குக் கிடைக்குமே என்று சில இரவுகளில் தோன்றுகிறது.
– வாசகர், கே.ஆர்.புரம்

பதில்: ஐயா, உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த எண்ணம் வருகிற இரவிலேயே 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலிமானஸ் என்னும் அரசின் இலவச மனநலச் சேவை அது. நாள் முழுதும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். அச்சேவையை நாடு முழுவதற்கும் ஒருங்கிணைக்கும் தலைமை மையம் உங்கள் ஊரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைதான். நேரில் செல்ல விரும்பினாலும் ஓசூர் சாலையில் அதன் வாசல் உங்களுக்குத் தெரிந்ததே. பல வாரங்கள் தொடர்ந்து தூக்கம் கெடுவதும், தன் உயிரைப் பணத்தோடு வைத்துக் கணக்குப் போடத் தோன்றுவதும் மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோயின் அடையாளங்கள். குணத்தின் குறையாக அவற்றை எண்ணாதீர்கள். சிகிச்சையில் அவை தணியும்.

‘உத்தியோகம் புருஷ லட்சணம்’ என்று நம் வீடுகளில் ஒரு பழமொழி உண்டு. சோம்பேறிப் பிள்ளையைத் துரத்துவதற்காகப் பெரியவர்கள் சொன்னது. வேலை போன மனிதரின் காதில் அது, நீ இனி புருஷனே இல்லை என்று விழுகிறது. எங்கள் தொழிற்சாலையில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன். கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கிக்கொண்டு சென்றவர்களில் சிலர், அடுத்த பல வாரங்கள் முதல் ஷிப்டுச் சங்கு ஊதும் நேரத்துக்குச் சவரம் செய்த முகத்தோடு வாசலுக்கு வந்து, எதிரே இருந்த தேநீர்க் கடையில் நிற்பார்கள். ஏன் வந்தீர்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. தெருவில் அவர்களுக்கு இருந்த பெயரே தொழிற்சாலையின் பெயர்தான். அதை இழந்த பிறகு வீட்டில் எந்த நாற்காலியில் உட்காருவது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. நீங்கள் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவ்வளவுதான் வேறுபாடு.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி, 2022இல் நம் நாட்டில் தற்கொலையால் இறந்த 1,70,924 பேரில் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் ஆண்கள். இறந்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இல்லத்தரசிகள். ஒவ்வொரு மரணத்துக்கும் பின்னால் பல காரணங்கள் பின்னிக் கிடக்கும். ஒரு வரியில் விளக்கிவிட முடியாது. ஆனாலும் இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்துப் படித்தபோது, ‘வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்’ என்று நாம் பெண்களைப் பற்றிக் கூச்சமில்லாமல் சொல்லிவந்த அதே சொற்களைத்தான், ‘வீட்டில் சும்மா இருக்கிறார்’ என்று உங்களைப் பற்றிச் சொல்லிவிடுவார்களோ என்று நீங்களும் அஞ்சுகிறீர்கள் என எனக்குத் தோன்றியது. சம்பளம் வராத மனிதர் சும்மா இருக்கிறார் என்று நாமாகவே ஒரு சட்டம் செய்து வைத்திருக்கிறோம்.

மனைவியிடம் சொல்லுங்கள். எப்படி என்றுதான் உங்களுக்குத் தடுமாற்றம் இருக்கும். இரவில் வேண்டாம், சாப்பாட்டு வேளையில் வேண்டாம், மகள் பக்கத்து அறையில் இருக்கும்போதும் வேண்டாம். வரும் ஞாயிறு காலை இருவரும் அல்சூர் ஏரிப் பக்கம் நடந்துவிட்டு வருவது போலக் கிளம்புங்கள். கையில் ஒரு காகிதம் இருக்கட்டும்: கையிருப்பு எவ்வளவு, வீட்டுக் கடன் தவணை எவ்வளவு, எத்தனை மாதம் ஓடும், எங்கெங்கே விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்று. அவர் கணக்காளர் என்கிறீர்கள்; எண்களைக் கண்டு மிரளுகிறவராக இருக்க முடியாது. வேலை போனதைவிட, நான்கு மாதம் தன்னிடம் மறைத்ததுதான் அவரை அதிகம் காயப்படுத்தும். அதற்குக் கோபித்தால் கோபிக்கட்டும். அந்தக் கோபத்துக்கு அவருக்கு உரிமை உண்டு. உங்கள் கடிதம் முழுவதிலும் உங்கள் வருமானம் ஒன்றுதான் வருமானமாக வருகிறது. அவருடைய சம்பளத்தை நீங்கள் ஒருமுறைகூடக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா?

இன்னொன்று, உடனே செய்ய வேண்டியது. நிறுவனம் கொடுத்திருந்த குடும்ப மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு முடிந்திருக்கும். மனைவியின் அலுவலகத்தில் அத்தகைய காப்பீடு இருந்தால், உங்களையும் மகளையும் அதில் சேர்க்க முடியுமா என்று இந்த வாரமே விசாரிக்கச் சொல்லுங்கள். இதற்காகவாவது உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மகளின் படிவத்தைப் பொறுத்தவரை, நீங்கள் கற்றுச் செய்துவந்த தொழில் எதுவோ அதை எழுதுங்கள். அது உங்களை விட்டுப் போகவில்லை.

கேள்வி: என் மகன் சாப்பிட்டு முடித்ததும் மருமகளின் தட்டையும் சேர்த்துக் கழுவுகிறான். எதிர்வீட்டார் பார்த்துச் சிரிக்கிறார்கள். இதை எப்படி நிறுத்துவது?
– வாசகி, ஸ்ரீராமபுரம்

பதில்: எதிர்வீட்டாருக்கு உங்கள் அடுப்படி வரை கண் தெரிகிறது என்றால், முதலில் சன்னலுக்கு ஒரு திரை வாங்குங்கள். தட்டைப் பற்றி உங்கள் மகன் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. நாளைக்கு உங்கள் தட்டையும் அதோடு சேர்த்துப் போட்டுப் பாருங்களேன்.

கேள்வி: என் பிறந்த ஊர் குடியாத்தம் பக்கம். அப்பா 2019இல் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். அவர் தம் சம்பாத்தியத்தில் வாங்கிய மனையில் கட்டிய வீடு இருக்கிறது. அம்மாவும் இரண்டு அண்ணன்களும் அங்கே இருக்கிறார்கள். பதிவு அலுவலகத்துக்கு வந்து, என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். ‘உனக்குத்தான் 2004இல் பதினைந்து பவுன் போட்டுக் கல்யாணம் செய்தாயிற்றே’ என்கிறார் பெரிய அண்ணன். அடுத்த ஆண்டு என் மகளுக்குத் திருமணம் நடத்த இருக்கிறோம். தாய்மாமன் சீர் இல்லாமல் மணமேடையில் எப்படி நிற்பது? ‘அண்ணன் தம்பி உறவு வேண்டுமா, சொத்து வேண்டுமா?’ என்று அம்மாவும் கேட்கிறார். பங்கு கேட்டால் நான் பேராசைக்காரியா?
– வாசகி, மர்பி டவுன்

பதில்: சட்டம் என்ன சொல்கிறது என்பதில் குழப்பம் இல்லை. ஒரு இந்து ஆண் தாமே சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாய் உயிரோடிருந்தால் அவரும், ஆளுக்குச் சம பங்கு பெறுவார்கள். உங்கள் பாட்டி இல்லை என்றால் அம்மா, இரண்டு அண்ணன்கள், நீங்கள் என நான்கு பேர். ஆளுக்குக் கால் பங்கு. கல்யாணத்துக்குப் போட்ட நகையை இதில் கழித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. அண்ணன்களின் படிப்புக்கும் தொழிலுக்கும் அப்பா செலவழித்ததை யாரும் கழிக்கவில்லை அல்லவா?

பூர்வீகச் சொத்தின் கதை வேறு, நீண்டது. பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 வரை, அறுபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்போதும் ஏற்கெனவே மணமாகிச் சென்ற மகள்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். நாடு முழுவதற்கும் 2005இல் சட்டம் திருத்தப்பட்டது; அத்திருத்தத்தின்போது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை, மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. இவ்வளவு தொலைவு நடந்துவந்த உரிமை, கடைசியில் பதிவு அலுவலகத்து மேசையில் ஒரு தாய்மாமன் சீருக்கு ஈடாக வைக்கப்படுகிறது.

உங்கள் கடிதத்தில் நான் மிகவும் கவலைப்பட்ட இடம் உங்கள் பங்கு அல்ல. அம்மாவும் அதே பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறாரா என்பதை நீங்கள் எழுதவில்லை. கால் பங்குக்கு உரிமையாளரான அவர், அதையும் விட்டுக்கொடுத்துவிட்டால், அந்த வீட்டில் அன்றைய தினத்தில் இருந்து மகன்களின் தயவில் இருப்பவர் ஆகிறார். அவருக்கு அது தெரியுமா? உறவா சொத்தா என்று உங்களைக் கேட்பவரிடம், உங்கள் பங்கு என்னவாகிறது அம்மா என்று ஒருமுறை மெல்லக் கேட்டுப் பாருங்கள்.

பங்கு கேட்பது பேராசை இல்லை. அண்ணன் வைத்துக்கொண்டால் உரிமை, தங்கை கேட்டால் ஆசை என்று சொற்களை முன்கூட்டியே பிரித்து வைத்திருப்பதால் உங்களுக்கு அப்படித் தோன்றுகிறது. விட்டுக்கொடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு; அண்ணன்களின் நிலைமையைப் பார்த்து முழு மனத்தோடு நீங்கள் எழுதிக் கொடுத்தால் அதில் நான் குறை காண மாட்டேன். ஆனால் அந்த வீட்டின் இன்றைய மதிப்பை அறிந்த பிறகு, பத்திரத்தின் நகலைத் தமிழில் வரிவரியாகப் படித்த பிறகு, அம்மாவின் பங்கு அவர் பெயரிலேயே இருக்கும் என்று உறுதியான பிறகு அதைச் செய்யுங்கள். அதுவரை, பத்திரத்தைப் படிக்க அவகாசம் வேண்டும் அண்ணா என்று சொன்னால் போதும், மறுத்ததாக ஆகாது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு, அவர்களின் வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசச் சட்ட உதவி உண்டு; 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

சீர் விஷயத்தில் என் கருத்து வேறாக இருக்கலாம். ஒரு தாம்பாளமும் பட்டுப்புடவையும் கொண்டு மணமேடைக்கு வராமல் இருந்துவிட்டால், ஊரில் தலை குனிய வேண்டியது உங்கள் அண்ணன்கள், நீங்கள் அல்ல. அவர்களுக்கும் அது தெரியும் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலை. இரண்டு பிள்ளைகள் போதும் என்று முடிவு செய்துவிட்டோம். என் கணவர் பெயிண்டர். தானே கருத்தடை அறுவை செய்துகொள்கிறேன் என்கிறார். மாமியார், ‘ஆம்பளை உடம்பு, ஏணியில் ஏறி வேலை பார்க்கிறவன், பலம் போய்விடும், நீயே செய்துகொள்’ என்கிறார். உண்மையா?
– வாசகி

பதில்: உண்மை இல்லை. ஆண்களுக்கான அறுவையில் விந்தணு வரும் மெல்லிய குழாயை மட்டும் அடைக்கிறார்கள். அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, அரை மணி நேரத்துக்குள் முடித்து அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உடல் வலுவுக்கும் தாம்பத்திய உறவுக்கும் காரணமான ஹார்மோன் முன்பு போலவே சுரக்கும். இரண்டொரு நாள் ஓய்வும், சுமார் ஒரு வாரம் பளு தூக்காமல் ஏணி ஏறாமல் இருப்பதும் போதும். பெண்களுக்கான அறுவையில் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கிறது; அது இதைவிடப் பெரிய சிகிச்சை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஆணுக்குச் செய்த பிறகும் மூன்று மாதம் வேறு கருத்தடை முறை ஒன்றைப் பயன்படுத்தி, பரிசோதனையில் விந்தணு இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகே நிறுத்த வேண்டும். இதை நிரந்தரமானது என்று எண்ணித்தான் இருவரும் முடிவெடுக்க வேண்டும்.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் தாங்களே அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட வீடுகள் 0.3 விழுக்காடு. நெருக்கடி நிலைக் காலத்தில் ஆண்களைப் பிடித்துக் கட்டாயமாகச் செய்ததன் அச்சம் இன்னும் தீரவில்லை என்பது ஒரு காரணம். உங்கள் மாமியாரின் அச்சம் பொய்யானது அல்ல; தகவல்தான் தவறு. உங்கள் தையல் எந்திரத்தில் எட்டு மணி நேரம் குனிந்து உட்காருவதற்கும் வயிற்றில் பலம் வேண்டும் என்பதை அவரிடம் சொல்லுங்கள். கணவரைக் கூட்டிக்கொண்டு போய் அரசு மருத்துவமனை மருத்துவரிடமே மாமியாரையும் ஒருமுறை பேச வைத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: என் பெற்றோருக்கு நாங்கள் இரண்டு மகள்கள். கும்பகோணத்து வீட்டைப் பூட்டிவிட்டு அவர்களை அழைத்துவந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. என் கணவர் அன்பாக நடந்துகொள்கிறார். ஆனாலும் அப்பா (வயது 74) யார் கேட்டாலும், ‘நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தோம்’ என்கிறார். இரண்டாவது முறை சோறு போட்டுக்கொள்ள மாட்டார். மாதம் பிறந்ததும் பூசை அலமாரியில் விபூதிக் கிண்ணத்துக்கு அடியில் ஐந்தாயிரம் ரூபாயை வைத்துவிடுகிறார். திருப்பிக் கொடுத்தால் மறுநாளே ஊருக்கு டிக்கெட் போடச் சொல்கிறார். மகள் வீட்டில் கை நனைப்பது அவருக்கு அவமானமாக இருக்கிறது. எப்படி மாற்றுவது?
– வாசகி, இந்திராநகர்

பதில்: பேரப்பிள்ளை பிறக்கும் வரை சம்பந்தி வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காத தலைமுறை அது. பெண்ணைக் கொடுத்த பிறகு அவள் வீட்டில் தமக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை, மகன் வீட்டில் இருப்பது உரிமை, மகள் வீட்டில் இருப்பது தஞ்சம் என்று நம்பி வளர்ந்தவரை, 74 வயதில் வாதாடி மாற்ற முடியாது. சட்டம் எப்போதோ மாறிவிட்டது. மணமான மகளுக்கும் பெற்றோரைக் காக்கும் கடமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987லேயே கூறியது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டமும் மகன், மகள் என்று பிரிக்கவில்லை. இதையெல்லாம் அப்பாவிடம் படித்துக் காட்டாதீர்கள். சட்டப்படி நீங்கள் எனக்குச் சோறு போடுகிறீர்களா என்று கேட்டுவிடுவார்.

அந்த ஐந்தாயிரத்தை நீங்கள் திருப்பிக் கொடுப்பதுதான் அவரை விருந்தாளி ஆக்குகிறது என்பது என் எண்ணம். விருந்தாளியிடம்தான் பணம் வாங்கக் கூடாது. வீட்டு ஆளிடம் வாங்கலாம். நீங்கள் மகனாக இருந்து, அப்பா ஓய்வூதியத்தில் இருந்து மாதம் ஐந்தாயிரம் வீட்டுச் செலவுக்குக் கொடுத்தால், யாரும் அதை அவமானம் என்றோ பெருமை என்றோ பேசியிருக்க மாட்டார்கள், எடுத்துச் செலவழித்திருப்பார்கள். நீங்களும் எடுத்துச் செலவழியுங்கள், அதுவும் அவர் கண்ணெதிரே. உங்கள் கணவரிடமும் ஒன்று சொல்லுங்கள்: மாமாவைத் தாங்கித் தாங்கி நடத்துவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, கடைக்குப் போகிறீர்களா, அப்படியே ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கி வாருங்கள் என்று கேட்கட்டும்.

காலையில் ஐந்தரை மணிக்கே அப்பா விழித்துவிடுவார் என்று ஊகிக்கிறேன். கும்பகோணத்துக் காபிக்குப் பழகியவர்கள் அப்படித்தான். தெருமுனையில் நந்தினி பால் வாங்குவதும், மாதக் கடைசியில் பால் கணக்கைப் பார்த்துத் தீர்ப்பதும் இனி அவர் பொறுப்பு என்று அம்மா வாயால் சொல்லச் சொல்லுங்கள். விபூதிக் கிண்ணத்துக்கு அடியில் இருக்கும் பணத்தில் இருந்து அவரே எடுத்துப் பால்காரருக்குக் கொடுக்கட்டும். ஒருநாள் பால் குறைந்துபோனால், ஏன் அப்பா இன்னொரு பாக்கெட் வாங்கவில்லை என்று தயங்காமல் கடிந்துகொள்ளுங்கள்.